பொட்டு வைத்த இடம்

ஏறிவிட்டாள். மூன்று சக்கரமும் தரையை விட்டுவிட்டன, நிழல் மட்டும் கழன்று விழுந்து ஓடுதளத்தின் மேல் தனியாக ஓடுகிறது. ஆக்னஸின் முதல் தனிப் பறப்பு. பக்கத்தில் நான் இல்லை, என் கை இல்லை, முக்கியமாக என் வாய் இல்லை. ஐந்து மாதமாக அந்த வலது பக்க இருக்கையில் உட்கார்ந்துகொண்டு, மூக்கைத் தூக்காதே, திருப்பத்தில் மூக்கைத் தூக்காதே என்று கத்திய கத்தலில் சில நாள் எனக்குத் தொண்டையில் சோறு இறங்காது. இப்போது அந்த இருக்கையில் ஆள் இல்லாமலே பெல்ட்டை இழுத்துப் பூட்டி விட்டிருக்கிறேன். காலி இருக்கைக்கு எதுக்கு சார் பெல்ட் என்று கேட்காத மாணவன் இல்லை. தொங்கவிட்டால் அது ஓட்டுகிற கைப்பிடியில் போய் மாட்டிக்கொள்ளும், அப்படி மாட்டிக்கொண்டு விழுந்ததும் உண்டு. சின்ன விமானம் விழுவதற்குப் பெரிய காரணம் வேண்டியதில்லை. யுத்த காலத்தில் வெள்ளைக்காரன் போட்ட ஓடுதளம் இது, சுற்றிலும் சீமைக்கருவேலம், தூரத்தில் காற்றாலைகள், ஆனி மாதக் காற்று ஒன்பது மணிக்கு மேல் யாரையும் ஒழுங்காக இறங்க விடாது. இப்போது ஏழே முக்கால். ஏறி, இரண்டு முறை இடப்பக்கம் திரும்பி, ஓடுதளத்துக்கு இணையாக எதிர்த்திசையில் போய், இன்னும் இரண்டு முறை இடப்பக்கம் திரும்பினால் மறுபடி ஓடுதளம். ஒரே ஒரு சுற்று. ஏழு நிமிஷம், மிஞ்சினால் எட்டு. நான் கையில் வாக்கிடாக்கியோடு ஓடுதளத்தின் ஓரத்தில் நிற்கிறேன், பிரசவ அறைக்கு வெளியே நிற்கிற புருஷன் மாதிரி, ஒரு பிரயோஜனமும் இல்லாமல், ஆனால் நகரவும் முடியாமல்.

நன்றாகத்தான் ஏறுகிறாள். மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது, இறக்கை ஆடவில்லை, என்ஜின் சத்தத்தில் பிசிறு இல்லை. அவள் எதையும் சரியாகத்தான் செய்வாள். மார்த்தாண்டத்துக்காரி, இருபத்தொன்பது வயது, ஆறு வருஷம் ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸாக இருந்துவிட்டு வந்தவள். வயிற்றைத் தைத்து மூடுவதற்கு முன்னால் கத்தரிக்கோல் எத்தனை, பஞ்சு எத்தனை என்று எண்ணிச் சொல்ல வேண்டும், எண்ணிக்கை இடித்தால் எப்பேர்ப்பட்ட டாக்டரானாலும் ஊசியைக் கீழே வைத்தாக வேண்டும் என்பாள். விமானத்தையும் அப்படித்தான் பார்ப்பாள். ஏறுவதற்கு முன் ஒரு முறை சுற்றிவந்து பார்க்க வேண்டும் என்று விதி இருக்கிறது. மற்றப் பிள்ளைகள் பரீட்சைக்குப் போகிற அவசரத்தில் பிள்ளையாரைச் சுற்றுகிற மாதிரி சுற்றிவிட்டு ஏறிவிடுவார்கள், இவள் ஒவ்வொரு ஆணியையும் தொட்டு, வாய்க்குள் எண்ணுவாள், நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நிற்பேன். இன்றைக்கும் கேட்டாள். "ஒருக்கா சுத்திப் பாத்துட்டு ஏறட்டா சார்?" "இப்பதானே ரெண்டு பேரும் மூணு ரவுண்டு அடிச்சுட்டு இறங்கினோம்? அதுக்குள்ள றெக்கை எங்கயாவது ஓடிப்போயிருக்குமா? ஏறு ஏறு, காத்து கிளம்புறதுக்குள்ள போயிட்டு வந்துரு." சிரித்தாள், சிலுவை போட்டுக்கொண்டாள், ஏறிவிட்டாள். இதோ முதல் திருப்பம். கோணல் இல்லாமல் திரும்புகிறாள், என்னைவிட நன்றாகத் திரும்புகிறாள் என்றுகூடச் சொல்லலாம்.

வகுப்பில் முதல் நாள் நான் கரும்பலகையில் எழுதுவது இதைத்தான், சின்ன விமானம் ஏன் விழுகிறது. பிள்ளைகள் புயல், இடி, என்ஜின் வெடிக்கிறது என்று சினிமாவாகச் சொல்வார்கள். நான் பெட்ரோல் என்று எழுதுவேன். டேங்கில் குச்சியை விட்டுப் பார்க்காமல் முள்ளை நம்பிப் போய் நடுவானத்தில் வற்றிப்போனவர்கள். பெட்ரோலுக்கு அடியில் தேங்குகிற தண்ணீர், அதை ஒரு சின்னக் குடுவையில் பிடித்துப் பார்த்துக் கொட்ட அரை நிமிஷம் ஆகும், அந்த அரை நிமிஷம் இல்லாதவர்கள். வேகம் அளக்கிற குழாய்க்குள் கூடு கட்டிய குளவி. ஓடுதளத்தில் மயில், இங்கே மயில் விரட்டுவதற்கென்றே ஒரு ஆள் இருக்கிறார், முருகனுக்குக் கோபம் வந்துவிடும் என்று வெடியை எப்போதும் மயில் இல்லாத பக்கமாக வீசுவார். பிறகு அவசரம். நேற்று சரியாக இருந்தது, இன்றைக்கும் சரியாகத்தான் இருக்கும் என்கிற நினைப்பு. கடைசியாக அந்தத் திருப்பம், இறங்குவதற்கு முந்தைய கடைசித் திருப்பம். வேகமும் குறைவு, உயரமும் குறைவு, அந்த நேரத்தில் மூக்கைக் கொஞ்சம் தூக்கினால் போதும், இறக்கை காற்றை விட்டுவிடும், ஒரு பக்கமாகச் சாய்ந்து கல் மாதிரி விழும், சமாளிக்க உயரம் இருக்காது. அதை எழுதிவிட்டுச் சுவரில் மாட்டியிருக்கிற இளம்பரிதியின் படத்தைக் காட்டுவேன். இவன் திருப்பத்தில் வேகத்தை விட்டவன், நீங்கள் விடாதீர்கள். பூமாலைக்கு நடுவே இருபது வயசு முகம், அதைப் பார்த்த பிறகு யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். ஒரே காரணத்தால் எந்த விமானமும் விழுவதில்லை, காரணங்கள் சொந்தக்காரர்கள் மாதிரி, ஒருத்தர் வந்தால் கூடவே நாலு பேர் வருவார்கள் என்பேன், அதற்கு மட்டும் சிரிப்பார்கள். இரண்டாவது திருப்பமும் முடித்துவிட்டாள். ஆயிரம் அடியில் எனக்கு நேரே இணையாகப் போகிறாள், இறக்கையில் வெயில் பட்டுக் கண் கூசுகிறது.

என் மூக்கு அரிக்கிறது. சொறிந்துகொண்டேன், சந்தன வாசனை. கட்டைவிரல் ரேகைக்குள் இன்னும் காய்ந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. முதன்முதலாகத் தனியாகப் போகிற அன்றைக்கு விமானத்துக்குச் சந்தனப் பொட்டு வைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து அனுப்புவது எங்கள் பள்ளியில் மூன்று வருஷமாக வழக்கம். எந்தக் கையேட்டிலும் இல்லாத வழக்கம், தொடங்கி வைத்தவன் நான்தான், இளம்பரிதி போன பிறகு. மூன்று பொட்டு. மூக்கில் ஒன்று, வாலில் ஒன்று, விமானி ஏறுகிற கதவுக்குப் பக்கத்தில் ஒன்று. வைப்பது எப்போதும் மெக்கானிக் அப்பாதுரை அண்ணன்தான், எங்கே வைக்கலாம், எங்கே வைக்கக் கூடாது என்று அவருக்குத் தெரியும். இன்றைக்கு அவர் அக்கா மகள் கல்யாணத்துக்குக் கோவில்பட்டி போயிருக்கிறார். அதனால், மூன்று ரவுண்டு அடித்து இறங்கியதும் நான் வைத்தேன். மூக்கில் வைத்தேன், வாலில் வைத்தேன், கதவுக்குப் பக்கத்தில், கதவுக்குப் பக்கத்தில் எந்த இடத்தில் வைத்தேன். அப்போதுதான் போன் வந்தது. பெரிய விமானக் கம்பெனியிலிருந்து, ஒரு பெண், தேன் மாதிரி குரல், கேப்டன் திருமேனிதானே பேசுவது, அடுத்த மாதம் ஒன்றாம் தேதி வேலையில் சேர வேண்டும், வரும்போது உங்கள் மேல் விபத்து விசாரணை எதுவும் இல்லை என்று பள்ளியிலிருந்து ஒரு கடிதம் மட்டும் வாங்கி வாருங்கள். சரி மேடம், கண்டிப்பா மேடம். இடது கையில் போன், வலது கட்டைவிரலில் சந்தனம், வாய் முழுக்க மேடம். கதவில்தான் வைத்திருப்பேன். ஆனால் கதவுக்குப் பெயின்ட் அடித்திருக்கிறது, பெயின்ட் உரிந்து சொரசொரவென்றிருக்கும், விரலுக்கு அது ஞாபகம் இல்லை. விரலுக்கு ஞாபகம் இருப்பது வழுவழுவென்று ஒரு தகடு. கதவுக்கு ஒரு சாண் முன்னால், ஒரு ரூபாய்க் காசு அளவு, வெள்ளி மாதிரி பளபளக்கும், பொட்டு வைப்பதற்கென்றே வட்டமாக வெட்டிப் பதித்தது மாதிரி இருக்கும். அதன் நடுவில் குண்டூசி நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை இருக்கும்.

அந்த ஓட்டை விமானத்தின் நாசித் துவாரம். வெளியே காற்று எவ்வளவு அழுத்துகிறது என்பதை அது உள்ளே கொண்டுபோகிறது, அதை வைத்துத்தான் வேகம் காட்டுகிற முள்ளும் உயரம் காட்டுகிற முள்ளும் நகர்கின்றன. அடைத்துவிட்டால் இரண்டும் வாய் கூசாமல் பொய் சொல்லும். இல்லை, அடைத்திருக்காது. அடைத்திருந்தால் ஏறும்போதே வேகம் செத்து, முள் கீழே விழுந்திருக்கும், அவள் பதறி மூக்கை இறக்கியிருப்பாள், நான் பார்த்திருப்பேன், அப்படி எதுவும் நடக்கவில்லை, நன்றாகத்தான் ஏறினாள். அப்படியானால் தகட்டில் வைக்கவில்லை. அல்லது தகட்டில்தான் வைத்தேன், ஆனால் சந்தனம் ஈரமாக இருந்தது, ஓரத்தில் எங்கோ காற்று புகுந்து புகுந்து போயிருக்கிறது. எவ்வளவு தண்ணீர் விட்டுக் குழைத்தேன்? பாக்கெட் சந்தனம், கிண்ணத்தில் கொட்டி, குழாயில் பிடித்தேன், கொஞ்சம் அதிகமாகத்தான் விட்டேன், வழிந்தது, வழிந்ததைத் துடைத்தேன். ஈரம். ஈரமென்றால் காயும். ஆயிரம் அடியில் இந்தக் காற்றில் வண்ணான் துணியே நிமிஷத்தில் காய்ந்துவிடும், ஒரு பொட்டு காய எவ்வளவு நேரமாகும். காய்ந்தால் உயரத்துக் காற்றை உள்ளே வைத்து மூடி முத்திரை போட்ட மாதிரி ஆகிவிடும். பிறகு அவள் இறங்க இறங்க வேகமுள் ஏறும். அறுபதில் போகிறவளுக்கு நூற்றிருபது என்று காட்டும். நூற்றிருபதைப் பார்க்கிறவள் என்ன செய்வாள்? நான் சொல்லிக்கொடுத்ததைச் செய்வாள். பவரைக் குறைப்பாள், மூக்கைத் தூக்குவாள். எங்கே? கடைசித் திருப்பத்தில்.

இளம்பரிதி விழுந்ததும் அங்கேதான், அதோ அந்த ஒற்றைப் பனைக்கு இந்தப் பக்கம். அவன் மூக்கைத் தூக்கினான், உண்மைதான். ஆனால் இறக்கை காற்றை விடப்போகிற நேரத்தில் வீல் என்று கத்துகிற ஊதல் ஒன்று இருக்கிறது, அது கத்தியிருந்தால் எந்தப் பிள்ளையும் பயந்து மூக்கை இறக்கிவிடும். அந்த விமானத்தில் மூன்று நாளாக அது கத்தவில்லை. எனக்குத் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியும். விமானத்தின் கோளாறுப் புத்தகத்தில் எழுதினால் விமானத்தை நிறுத்திவிடுவார்கள், பதினோரு பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள், ஞாயிற்றுக்கிழமை அப்பாதுரை அண்ணனிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டேன். அவன் வெள்ளிக்கிழமை விழுந்தான். விழுகிற நொடியில் ரேடியோவில் இரண்டே சொல் வந்தது, ஸாரி சார். எரிந்ததில் ஊதலும் எரிந்தது. விசாரணைக்கு வந்தவர்கள் விமானம் நல்ல நிலையில் இருந்ததா என்று கேட்டார்கள், இருந்தது என்று கையெழுத்துப் போட்டேன், விமானியின் தவறு என்று முடித்தார்கள். அவன் அப்பா வந்தார், அரசுப் பேருந்தில் நடத்துநர், காக்கிச் சட்டையோடே வந்திருந்தார். "என்ன சார் தப்புப் பண்ணினான்?" "திருப்பத்துல வேகத்தை விட்டுட்டான்." தலையை ஆட்டினார். "சின்ன வயசுல சைக்கிள்லயும் திருப்பத்துலதான் சார் விழுவான்." பிறகு எழுந்து, இரண்டு கையையும் கூப்பி, "உங்க விமானத்தையும் உடைச்சுட்டானே சார், மன்னிச்சிருங்க" என்றார். நான் பரவாயில்லை என்றேன். நினைத்துப் பார்த்தால் இன்றைக்கும் அந்த வார்த்தைக்காக என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும், பரவாயில்லை என்றேன். அடுத்த வாரம்தான் சந்தனம் வாங்கி வந்தேன், மூன்று பொட்டு, எலுமிச்சம்பழம், எல்லாம் அப்போது வந்ததுதான். பரிகாரம்.

வாக்கிடாக்கி என் கையில்தான் இருக்கிறது. ஒரு பொத்தான், அழுத்தினால் பேசலாம். ஆக்னஸ், வேகமுள்ளை நம்பாதே, அவ்வளவுதான், மூன்று வார்த்தை. ஆனால் ஏன் நம்பக் கூடாது என்று கேட்பாள், அவள் கேட்கிறவள். அவள் மட்டுமா, இந்த அலைவரிசையை அலுவலகத்தில் ராமதுரை சார் கேட்டுக்கொண்டிருப்பார், தலைமைப் பயிற்றுநர், விமானப்படையில் இருந்து ஓய்வு பெற்றவர், ஸ்பீக்கரை வைத்துக்கொண்டுதான் இட்லி சாப்பிடுவார். எல்லாம் பதிவாகும். முள் சரியில்லை என்று தரையில் நிற்கிற உனக்கு எப்படித் தெரிந்தது திருமேனி? நல்ல கேள்வி சார். அடுத்த மாதம் ஒன்றாம் தேதி, கடிதம் மட்டும் வாங்கி வாருங்கள். முதலில் எனக்கே நிச்சயமாகத் தெரியாது. கதவில் வைத்திருக்கலாம். நிச்சயமில்லாததைச் சொல்லி முதல் முறையாகத் தனியாகப் போகிற ஒருத்தியைக் கலவரப்படுத்துவதும் ஒரு காரணம்தான், விமானம் விழ, அதையும் பலகையில் எழுதியிருக்கிறேன். பார், எவ்வளவு அழகாக எனக்கே வக்கீல் வைத்துக்கொள்கிறேன். இணையான பாதை முடியப் போகிறது. விரலை மறுபடி முகர்ந்து பார்த்தேன், முகர்ந்தால் எந்த இடம் என்று தெரிந்துவிடுமா, பைத்தியக்காரா. மூன்றாவது திருப்பம். என்ஜின் சத்தம் தணிகிறது, இறங்கத் தொடங்கிவிட்டாள். இப்போதே சொல்லிவிடலாம். திரும்பி முடிக்கட்டும், சொல்லலாம். இளம்பரிதியின் விமானத்து ஊதலுக்கும் இதையேதான் சொன்னேன், ஞாயிற்றுக்கிழமை சொல்லலாம். ஒன்றரை நிமிஷம் இருக்கும், நான் வாயைத் திறக்காமல் நின்றது, இனி என் ஆயுசில் எத்தனை வருஷம் இருந்தாலும் அந்த ஒன்றரை நிமிஷத்தை யாரும் என்னிடமிருந்து வாங்கிக்கொள்ள முடியாது. என்ஜின் சத்தம் இன்னும் தணிகிறது. இவ்வளவு தணியக் கூடாது.

"சார்." ரேடியோவில் ஆங்கிலம்தான் பேச வேண்டும் என்று விதி, அவள் தமிழில் பேசுகிறாள். "சார், ஸ்பீடு நூத்திப் பத்து காட்டுது. பவர் குறைச்சுட்டேன், பின்னயும் ஏறிட்டே இருக்கு." தகட்டில்தான் வைத்திருக்கிறேன். மூக்கு தூக்கியிருக்கிறது, இங்கிருந்தே தெரிகிறது, ஒற்றைப் பனைக்கு மேலே, அதே இடத்தில், அதே கோணத்தில். பொத்தானை அழுத்துகிறேன், விரல் வழுக்குகிறது, வியர்வையில் சந்தனம் மறுபடி ஈரமாகியிருக்கிறது, மறுபடி அழுத்துகிறேன். "முள்ளைப் பாக்காத! அது பொய்! மூக்கை இறக்கு, பவர் குடு!" "மூக்கை இறக்கணுமா சார்? இப்பமே நூத்திருபது..." "இறக்குன்னா இறக்கு! ஆக்னஸ், நான் சொல்றேன், இறக்கு! ஊதல் சத்தத்தைக் கேளு, அது பொய் சொல்லாது!" இடது இறக்கை சரிகிறது. ஒரு கணம் சரிந்தபடியே நிற்கிறது, கொஞ்சம் உதறுகிறது, எனக்கு அந்த உதறல் தெரியும், அதற்குப் பிறகு என்ன என்பதும் தெரியும், கண்ணை மூடிக்கொண்டேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், மூடிக்கொண்டேன். காது மூடவில்லை. என்ஜின் அலறியது. கண்ணைத் திறந்தபோது மூக்கு இறங்கியிருந்தது, கருவேல மரங்களின் தலையை உரசுகிற உயரத்தில், இறக்கை நேராகி, ஓடுதளத்தை நோக்கி வந்துகொண்டிருந்தது. தரையில் மோதி எழும்பியது, மறுபடி மோதியது, மூன்றாம் முறை ஒட்டிக்கொண்டது. நான் எப்போது உட்கார்ந்தேன் என்று தெரியவில்லை, தார் சுட்டபோதுதான் உட்கார்ந்திருக்கிறேன் என்று தெரிந்தது.

கொட்டகை முன்னால் கொண்டுவந்து நிறுத்தி இறங்கினாள். முகத்தில் ரத்தம் இல்லை. கால் தரையில் பட்டதும் முதல் வார்த்தையாக, "ஸாரி சார்" என்றாள். அதே இரண்டு சொல், அதே வரிசை. மாணவர்கள் ஓடிவந்தார்கள், முதல் தனிப் பறப்பு முடித்தவர்கள் தலையில் ஒரு வாளி தண்ணீர் ஊற்ற வேண்டும், அதுவும் வழக்கம், உலகம் முழுக்க உள்ள வழக்கம். அவளை இழுத்து நிறுத்தி ஊற்றினார்கள், கைதட்டினார்கள், அவளும் நடுங்கிக்கொண்டே சிரித்தாள். நான் இரண்டாவது வாளியைத் தூக்கினேன். "விமானத்துக்கும் ஒரு வாளி!" என்று கத்தினேன், என் குரல்தான், கல்யாண வீட்டுக் குரல். எல்லோரும் ஹோ என்றார்கள். கதவுக்கு ஒரு சாண் முன்னால் குறி பார்த்து ஊற்றினேன், தடவிக்கொடுப்பது மாதிரி கட்டைவிரலால் தேய்த்தேன், கைக்குட்டையால் துடைத்தேன். சந்தனம் வழிந்து சக்கரத்தில் இறங்கியது, எலுமிச்சம்பழம் நசுங்கிக் கிடந்த இடம் வரைக்கும் போயிற்று. எவ்வளவு சீக்கிரம் கை வேலை செய்கிறது. வாய் ஒன்றரை நிமிஷம் எடுத்துக்கொண்டது, கைக்கு அவ்வளவு நேரம் தேவைப்படவில்லை.

ராமதுரை சார் வந்தார், விமானத்தில் ஏறி, தானே ஒரு சுற்றுப் போய்வந்தார். இறங்கிக் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "மூக்கு தூக்கினதைப் பாத்துத்தான் முள்ளு பொய்னு நீ கத்தியிருப்ப, ஆனா முள்ளு கடிகாரம் மாதிரி ஓடுது. ஒரு கோளாறும் இல்ல" என்றார். அவளைப் பார்த்து, கோபமாக இல்லை, கனிவாகவே, "ஃபர்ஸ்ட் சோலோம்மா. பயத்துல கண்ணு எதையாவது காட்டும். அறுபதை நூத்தி அறுபதாப் படிச்சவன் எல்லாம் இருக்கான். என்ன நடந்ததுன்னு படிவத்துல எழுதிக் குடு, திருமேனி, நீ பாத்துக் கையெழுத்துப் போடு. இன்னொரு பத்து மணி நேரம் கூட உக்காந்து பறக்கட்டும், அப்புறம் தனியா விடலாம்" என்றார். இட்லி ஆறிவிடும் என்று போய்விட்டார். மாணவர்களும் கலைந்தார்கள். ஆக்னஸ் ஈரத்தோடு கொட்டகைப் பெஞ்சில் உட்கார்ந்து படிவத்தைத் தொடை மேல் வைத்துக்கொண்டாள். "நூத்திருபதுதான் சார் பாத்தேன்" என்றாள். நான் விமானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "தியேட்டர்ல ஆறு வருஷத்துல ஒருக்காகூட எனக்கு எண்ணிக்கை தப்புனதில்ல. இன்னைக்கு எப்படித் தப்பாப் போச்சுன்னு தெரியல. பயம்தான் இருக்கும், இல்லையா சார்?" இல்லை என்று சொல்ல ஒரு மூச்சு போதும். "இருக்கும்" என்றேன். அவள் எழுதினாள். காரணம் என்ற இடத்துக்கு நேரே, பதற்றத்தில் வேகமுள்ளைத் தவறாகப் படித்துவிட்டேன், குண்டு குண்டாக, நர்ஸ் கையெழுத்து. இனிமேல் இவள் தன் கண்ணை நம்ப மாட்டாள். ஒரு நாள் முள் உண்மையைச் சொல்லும்போதும் நம்ப மாட்டாள், அன்றைக்கு ஒரு பனை இருக்கும். எழுதிவிட்டு எழுந்து போய் விமானத்தைச் சுற்ற ஆரம்பித்தாள், ஒவ்வொரு ஆணியாக, வாய்க்குள் எண்ணிக்கொண்டு, பார்க்காமல் ஏறியதை இப்போது பார்த்துத் தீர்ப்பவள் மாதிரி.

"சார், பொட்டு ஒண்ணு குறையுதே" என்றாள். "மூக்குல இருக்கு, வால்ல இருக்கு. இங்க இருந்தது அழிஞ்சு போச்சு." சந்தனக் கிண்ணம் பெஞ்சின் கீழேதான் இருந்தது, எடுத்து, மோதிர விரலால் தொட்டு, அந்தத் தகட்டை நோக்கிக் கொண்டுபோனாள். "நான் வைக்கேன் சார். அடுத்தவன் ஏறும்போது குறையோட ஏற வேண்டாம்." ஓடிப்போய் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். "அங்க வைக்காத." "இங்கதானே சார் இருந்திச்சு? ஏறும்போது பாத்தேனே." "அங்க வைக்கக் கூடாது." "ஏன் சார்?" பிடித்த கையை நான் விடவில்லை. அவள் தகட்டைப் பார்த்தாள், நடுவில் இருந்த ஓட்டையைப் பார்த்தாள், தன் விரலில் இருந்த சந்தனத்தைப் பார்த்தாள், பிறகு தன் மணிக்கட்டைப் பிடித்திருந்த என் கட்டைவிரலைப் பார்த்தாள். அவள் எண்ணுகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. சந்தனம், வாளி, கைக்குட்டை, சுத்திப் பாத்துட்டு ஏறட்டா சார். மெதுவாகக் கையை விடுவித்துக்கொண்டாள். பெஞ்சிலிருந்து படிவத்தை எடுத்து, தான் எழுதியதன் மேல் ஒரு கோடு கிழித்து, பேனாவை என் பக்கம் நீட்டினாள். "அப்போ என் கண்ணு சரியாத்தான் பாத்திச்சு." "ஆமா" என்றேன். "நீங்களே எழுதுங்க சார்." வாங்கிக்கொண்டேன். காரணம் என்று அச்சடித்திருந்த இடத்தில் பேனா முள்ளை வைத்தேன். அவள் போய்விடுவாள் என்று பார்த்தேன், போகவில்லை, தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட அங்கேயே நின்று, திறந்திருந்த வகுப்பறைக் கதவு வழியாகச் சுவரில் மாலை போட்டிருந்த படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பையனுக்கு என்ன சார் ஆச்சு?" என்றாள்.

பேனா என் கையில்தான் இருந்தது.